விசைப்படகின் வீல்ஹவுஸுக்கு எந்தக் கண்ணாடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீளும் மீன்பிடித் தடைக்காலம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. தூத்துக்குடியில் விசைப்படகுகள் கரையேற்றப்பட்டு, அடிப்பலகை மாற்றுவது, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை பார்ப்பது, என்ஜினைப் பிரித்துப் போடுவது, வர்ணம் பூசுவது என்று வேலை மும்முரமாக நடக்கிறது. இவை எல்லாம் முடிந்து, கையில் இருந்த பணமும் ஏறக்குறையத் தீர்ந்துபோன பிறகுதான், வீல்ஹவுஸ் என்று நாங்கள் சொல்லும் சுக்கான் அறையின் கண்ணாடி எங்கள் நினைவுக்கு வருகிறது. கீறலும் மங்கலும் விழுந்த பழையதைக் கழற்றிவிட்டு, கடைக்காரர் எதை எடுத்து நீட்டுகிறாரோ அதை வாங்கி மாட்டிவிட்டு, ஜூன் 15 அதிகாலையில் கடலுக்குப் போய்விடுகிறோம். இருபத்தாறு ஆண்டுகளாக விசைப்படகு ஓட்டுகிறவன், அதில் கடைசி ஒன்பது ஆண்டுகளாகச் சொந்தப் படகு வைத்திருக்கிறவன் என்ற முறையில், இந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத உங்கள் பக்கத்தில் இடம் கேட்கிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வின்ச்சில் இருந்து தெறித்த ஒரு கப்பி வீல்ஹவுஸின் முகப்புக் கண்ணாடி ஒன்றை உடைத்துவிட்டது. அந்தத் தடைக்காலத்தில் முகப்பின் மூன்று கண்ணாடிகளையும் ஒன்றாக மாற்றிவிடலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர், கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் தகடு ஒன்றைத் தரையில் போட்டு, என் கண்ணெதிரே சுத்தியலால் ஓங்கி அடித்துக் காட்டினார். தகட்டில் லேசாக ஒரு பள்ளம் விழுந்ததே தவிர, விரிசல் கூட வரவில்லை. உடைந்த கண்ணாடியால் கையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்த எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் மூன்று தகடுகளை வெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. உடையுமா என்று கேட்டேன், உடையாது என்று காட்டினார். அந்தத் தகட்டின் வழியாக இரண்டு ஆண்டுகள் கழித்தும் பார்க்க முடியுமா என்று நான் கேட்கவில்லை.

பாலிகார்பனேட்டின் மேற்பரப்பு மெத்தென்றது. கடலில் ஒவ்வொரு திவலையும் காய்ந்த பிறகு உப்பு மாவு போலக் கண்ணாடியில் படிந்து நிற்கும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், என்ஜின் அறையில் கிடக்கும் பனியன் வேஸ்ட் துணியை எடுத்துத் துடைப்பதுதான் எங்கள் எல்லோரிடமும் உள்ள வழக்கம். கண்ணாடியாக இருந்தால் அந்த உப்புத் துகள் அதை ஒன்றும் செய்யாது. பாலிகார்பனேட்டில் ஒவ்வொரு துடைப்பும் ஒரு நூல் கீறலை விட்டுச் செல்லும். வைப்பர் ஓடுகிற இடத்தில் விசிறி வடிவத்தில் ஒரு மங்கல் விழுந்து நாளுக்கு நாள் அடர்ந்துகொண்டே வந்தது. அடுத்த தடைக்காலத்தில் வீல்ஹவுஸுக்கு வர்ணம் பூசியபோது தகட்டில் தெறித்த பெயின்ட் துளிகளைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த இடங்களில் சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்புகள் பரவின. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் போன்றவற்றை இந்தத் தகடு தாங்காது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் பகல் வெளிச்சத்தில் பார்க்கும்போது பெரிய குறையாகத் தெரியவில்லை. சூரியன் நேர் எதிரே வந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் ஊர்ப் படகுகள் அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குள் கரை திரும்புபவை. போகும் திசை கிழக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியதும் சூரியன் கடல்மட்டத்தில் இருந்து எழுந்து, அணியம் என்னும் படகின் முன்முனைக்கு நேரே நிற்கும். பொழுது சாயும் முன்பே கரைக்குத் திரும்பினால், அப்போது மேற்குச் சூரியன் அதே கண்ணாடியில் விழும். ஆகவே தூத்துக்குடி டிரைவருக்குக் கண்ணாடியின் கீறல் என்பது அழகுக் குறை அல்ல. தாழ்ந்த சூரியன் அந்தக் கீறல்கள் ஒவ்வொன்றிலும் பட்டுச் சிதறும்போது கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். எதிரே இருக்கும் எதுவும் தெரியாது. அப்படி ஒரு காலையில், முன்னே நின்றுகொண்டிருந்த பையன் போட்ட கூச்சலைக் கேட்டுத்தான் நான் கியரைப் பின்னுக்கு இழுத்தேன். ஒரு வள்ளம், சிறிய நாட்டுப்படகு. இரண்டு பேர் வலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வள்ளத்தின் ஓரம் என் படகின் பக்கவாட்டில் உரசாமல் போனதற்கு நான் காரணமில்லை. இருவரில் மூத்தவர் என்னைத் திட்டவில்லை. வலையைக் கையில் பிடித்தபடியே, நாங்கள் கடந்து போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே முகப்புத் தகடுகளைக் கழற்றினேன்.

அதன் பிறகு கண்ணாடி வியாபாரிகளிடமும், படகு கட்டும் ஆசாரிகளிடமும், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் என் மகனிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், மூன்று ஆண்டுகளாக என் படகிலேயே பார்த்தவற்றையும் வைத்துத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

வீல்ஹவுஸுக்கு நம்மிடம் கிடைப்பவை ஐந்து. சாதாரணக் கண்ணாடி, டஃபன்ட் கண்ணாடி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, அக்ரிலிக், பாலிகார்பனேட். இவற்றில் சாதாரணக் கண்ணாடியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. உடைந்தால் கத்தி போன்ற நீண்ட சில்லுகளாக உடையும்; டிரைவரின் முகத்துக்கு ஒரு முழம் தொலைவில் அதை வைக்கவே கூடாது. பழைய மரப்படகுகளில் வீட்டு ஜன்னலுக்குப் போடும் நான்கு மில்லிமீட்டர் கண்ணாடியை இன்றும் பார்க்கிறேன். அவற்றை இந்தத் தடைக்காலத்திலேயே கழற்றிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பாலிகார்பனேட் உடையாது என்பதில் ஐயமில்லை. ஆனால் முகப்பில் அலை மோதும்போது உடைவது மட்டுமா ஆபத்து? அதே தடிமனுள்ள கண்ணாடியைவிட பாலிகார்பனேட் ஏறக்குறைய முப்பது மடங்கு அதிகமாக வளையும். அக்ரிலிக் இருபது மடங்குக்கு மேல் வளையும். ஆறு மில்லிமீட்டர் கண்ணாடியின் விறைப்பைப் பாலிகார்பனேட்டில் பெற வேண்டுமானால் பதினெட்டு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன் வேண்டும். அந்தத் தடிமனில் யாரும் வாங்குவதில்லை, நானும் வாங்கவில்லை. மெல்லிய தகடு அலையின் அடியில் வயிறு போல உள்வாங்கும். ஓரங்கள், பிரேமில் அவற்றைப் பிடித்திருக்கும் பீடிங் ரப்பரை விட்டு நழுவும். உடையாத தகடு முழுதாகக் கழன்று உள்ளே வந்து விழும். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் நேர் எதிரே வந்து மோதும் கடல்நீர், 90 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கண்ணாடியின் மேல் ஏறக்குறைய 700 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்குச் சமமான அழுத்தத்தைத் தரும் என்று என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். பத்துப் பேர் ஒன்றாக ஏறி நிற்பது போன்ற பாரம் அது. பீடிங் ரப்பரின் விரல் அகலப் பிடிப்பில் நிற்கும் ஐந்து மில்லிமீட்டர் தகடு அதை எப்படித் தாங்கும் என்பதைத்தான் வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

வெயிலில் நீள்வதும் அப்படித்தான். 90 சென்டிமீட்டர் நீளமுள்ள பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக் தகடு, விடியற்காலைக்கும் மதியத்துக்கும் இடையே முப்பது டிகிரி சூடேறினால் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி நீள்வது கால் மில்லிமீட்டர். பிளாஸ்டிக் தகட்டைக் கண்ணாடி போலவே பிரேமில் இறுக்கமாகச் செருகி, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு முறுக்கினால், நீள இடமில்லாமல் தகடு நடுவில் உப்பும், ஸ்க்ரூ துளையைச் சுற்றி வெடிக்கும், இரவில் சுருங்கும்போது ஓரத்தை அடைத்த சிலிக்கான் பசை பிரிந்து தண்ணீர் கசியும். என் படகின் வீல்ஹவுஸ் உள்பலகை அடிப்பக்கம் அழுகியதற்குக் காரணம் மழை என்றே ஓராண்டு நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் அந்தப் பிரிந்த சிலிக்கான்தான்.

இதனால் பிளாஸ்டிக் தகடுகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்ரிலிக் ஒளியை 92 சதவீதம் உள்ளே விடும். அந்த ஒரு விஷயத்தில் கண்ணாடியைவிடக் குறைந்ததல்ல. வெயிலில் பல ஆண்டுகள் மஞ்சளாகாமல் இருக்கும். எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. ஆசாரியே படகின் மேல் உட்கார்ந்து ரம்பத்தால் அறுத்துப் பொருத்திவிடலாம். வெளிமோட்டார் பொருத்திய சிறிய பைபர் படகில் திவலைக்கு மறைப்பாக வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. விசைப்படகிலும் வீல்ஹவுஸின் பின்பக்க ஜன்னல், ஆட்கள் படுக்கும் அறையின் ஜன்னல், மேல்கூரைத் திறப்பு ஆகியவற்றுக்கு எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் அக்ரிலிக் போதுமானது. அதை வாங்குகிறவர்கள் காஸ்ட் அக்ரிலிக் என்று கேட்டு வாங்க வேண்டும். உருளையில் இழுத்துச் செய்த மலிவு வகை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எளிதில் வெடிக்கிறது, தின்னர் பட்டால் இன்னும் சீக்கிரம் வெடிக்கிறது. ஸ்க்ரூவின் கனத்தைவிடத் துளையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக்கி, நடுவே ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். பாலிகார்பனேட்டே வேண்டும் என்பவர்கள், புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தகட்டின் மேல் ஒட்டிய காகிதத்தில் பார்த்து, அந்தப் பக்கம் வெயிலை நோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். காகிதத்தை முதலிலேயே உரித்துப் போட்டுவிட்டால் எந்தப் பக்கம் என்று பிறகு வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பக்கம் மாறிய தகடு சீக்கிரமே மஞ்சள் பூத்துவிடும்.

முகப்புக்கு மட்டும் கண்ணாடிதான். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் கண்ணாடி என்பதில்தான் படகுக்காரர்களிடையே பேச்சு நடக்கிறது.

டஃபன்ட் கண்ணாடி என்பது சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றை வேகமாக ஊதி ஆறவைத்தது. மேற்பரப்பு இறுகி உள்ளே இழுவிசை நிற்பதால் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கு ஐந்து மடங்கு வலுவாக இருக்கும். உடைந்தாலும் கற்கண்டு போலச் சிறு துண்டுகளாகச் சிதறும், ஆளைக் கிழிக்காது. ஆனால் உடைகிற அந்த நொடியில் முழுக் கண்ணாடியும் இல்லாமல் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு படகில், வாடைக் காலத்தில், முகப்பின் நடுக்கண்ணாடி அப்படிச் சிதறியது. அடுத்த அலை நேராக வீல்ஹவுஸுக்குள் வந்து ஜி.பி.எஸ்.ஸையும் மீன் காட்டும் கருவியையும் வயர்லெஸ்ஸையும் ஒரே அடியில் நனைத்துவிட்டது. கையில் ஒரு காம்பஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, முகத்தில் தண்ணீர் அடிக்க அடிக்க, அவர்கள் கரை வந்து சேர்ந்தார்கள். டஃபன்ட் கண்ணாடிக்கு நடுப்பரப்பைவிட ஓரத்திலும் மூலையிலும்தான் பலவீனம் அதிகம். நடுவில் தாங்குகிற அடியைவிட மிகச் சிறிய அடி ஓரத்தில் பட்டாலே போதும் என்பது கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். இரும்புச் சாமான் நிறைந்த விசைப்படகில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

லேமினேட்டட் கண்ணாடியில் அந்தத் திடீர் வெறுமை இல்லை. காரின் முன்கண்ணாடியில் கல் பட்டால் நட்சத்திரம் போல விரிசல் விழுகிறது, ஆனால் கண்ணாடி அதன் இடத்தில் நிற்கிறது அல்லவா, அதே முறைதான். இடையே உள்ள படலம் உடைந்த துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். விரிசலுக்கு நடுவே பார்த்து ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிடலாம். தண்ணீர் உள்ளே வராது. கடலில் ஒரு பொருள் உடையாமல் இருப்பதைவிட, உடைந்த பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டு இடத்தில் நிற்பது பெரிது என்று நான் கருதுகிறேன். முகப்புக் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் படகில் இப்போது முகப்பு மூன்றிலும் ஐந்து மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி இரண்டை, 1.52 மில்லிமீட்டர் படலத்தின் மேல் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி இருக்கிறது. வலுவுக்கு டஃபன்ட், நிற்பதற்கு லேமினேஷன் என்று இரண்டும் சேர்ந்த வகை. ஒரு அடுக்கு உடைந்தாலும் மற்றது தாங்கும். பக்க ஜன்னல்கள் ஆறு மில்லிமீட்டர் டஃபன்ட்.

இந்த வகையை வாங்குவதில் ஒரு சிரமம் உண்டு. டஃபன்ட் செய்த பிறகு கண்ணாடியை அறுக்கவோ துளையிடவோ ஓரத்தைத் தேய்க்கவோ முடியாது, முயன்றால் சிதறிவிடும். ஆகவே அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். மரப்படகின் வீல்ஹவுஸில் எந்த ஜன்னலும் சரியான செவ்வகமாக இருக்காது. டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து எழுதிக் கொடுத்த என் முதல் கண்ணாடி, ஒரு மூலையில் அரை விரல் இடித்து வீணாகிவிட்டது. இரண்டாவது முறை, மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியே வெட்டிப் பொருத்திப் பார்த்து, சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி சீவி, 'வெளிப்பக்கம்', 'மேல்பக்கம்', 'இடது' என்று பேனாவால் எழுதி, அந்தப் பலகையையே ஆலைக்கு அனுப்பினேன். மூன்றும் சரியாக வந்தன. கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர முத்திரை அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அதில் சந்தேகம் இருந்தால் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பாருங்கள். வெயில் நேரத்தில் டஃபன்ட் கண்ணாடியில் வரிசையாகத் தேமல் போன்ற கருநிறத் திட்டுகள் தெரியும். அதே காரணத்தால் டிரைவர் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு படகு ஓட்டுவது நல்லதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

லேமினேட்டட் கண்ணாடியின் எதிரி தண்ணீர். கீழ்ப் பிரேமின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றால், ஓரத்தின் வழியாக அது படலத்துக்குள் ஊறி, விளிம்பில் வெள்ளை பூத்து, வருடா வருடம் உள்நோக்கிப் பரவும். இதைத் தடுக்க, கண்ணாடியை நேரடியாகப் பிரேமின் மேல் உட்கார வைக்காமல் இரண்டு ரப்பர் துண்டுகளின் மேல் நிறுத்தி, கீழ்ப் பிரேமில் வெளிப்பக்கமாக இரண்டு சிறு வடிகால் துளைகள் இட வேண்டும். என் ஆசாரி இதை ஒத்துக்கொள்ளத் தயங்கினார். தண்ணீர் வராமல் அடைக்கத்தானே நாம் வேலை செய்கிறோம், நாமே எப்படித் துளை போடுவது என்று கேட்டார். எவ்வளவு அடைத்தாலும் உள்ளே வரும் தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும் என்று சொல்லிப் புரியவைத்தேன். சிலிக்கானிலும் வகை உண்டு. புளித்த காடி வாசனை வீசும் சிலிக்கான் அலுமினியப் பிரேமை அரிக்கும், பாலிகார்பனேட்டை வெடிக்கச் செய்யும். வாசனை இல்லாத நியூட்ரல் சிலிக்கானைக் கேட்டு வாங்க வேண்டும். மரப்படகு அலையில் ஏறி இறங்கும்போது வீல்ஹவுஸ் முறுக்கிக்கொள்ளும் என்பது டிரைவர்களுக்குத் தெரியும். எனவே கண்ணாடி எந்த இடத்திலும் மரத்தையோ ஸ்க்ரூவையோ தொடாமல் ரப்பருக்குள் மிதந்துகொண்டிருக்க வேண்டும்.

இனி சன் பிலிம். வீல்ஹவுஸ் சூடாகிறது என்று பலர் கறுப்பு பிலிம் ஒட்டுகிறார்கள். சிலர் கறுப்பு அக்ரிலிக்கையே வாங்கி மாட்டுகிறார்கள். பகலில் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும். அதிகாலை ஐந்து மணி இருட்டில், மங்கலான விளக்கோடு அல்லது விளக்கே இல்லாமல் மிதக்கும் ஒரு வள்ளத்தை அதன் வழியாகக் காண முடியாது. சாலையில் ஓடும் காருக்கு முன்கண்ணாடி 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடி 50 சதவீத ஒளியையும் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம் கார்களில் கறுப்பு பிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. கப்பல்களுக்கான சர்வதேச சோலாஸ் ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயம், 55 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள, 1998 ஜூலை 1 முதல் கட்டப்படும் கப்பல்களின், பிரிட்ஜ் எனப்படும் ஓட்டு மேடையில் நிறமேற்றிய கண்ணாடியும் போலராய்டு கண்ணாடியும் பொருத்தவே கூடாது என்கிறது. உள்விளக்கின் பிரதிபலிப்பு டிரைவரின் கண்ணில் விழாதபடி முகப்பு ஜன்னலின் மேல்பக்கம் 10 முதல் 25 டிகிரி வரை முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் படகுகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் நம் பழைய ஆசாரிகள் வீல்ஹவுஸ் முகப்பை முன்னோக்கிச் சாய்த்துக் கட்டியிருப்பதன் பொருள் அதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கண்ணாடி மாற்றும் சாக்கில் வீல்ஹவுஸை நேராக நிமிர்த்திக் கட்டுகிறவர்கள் இரவில் ஜி.பி.எஸ். திரையின் வெளிச்சத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும்.

என் நண்பர்கள் மூன்று மறுப்புகளைச் சொல்கிறார்கள். முதலாவது எடை. முகப்பு மூன்றும் பத்து மில்லிமீட்டர் கண்ணாடியாக இருந்தால், அதே தடிமன் அக்ரிலிக்கைவிட ஏறக்குறைய 21 கிலோ கூடும். டன் கணக்கில் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு போகிற படகுக்கு அது ஒரு பொருட்டல்ல. இரண்டாவது விலை. கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் பிளாஸ்டிக் தகட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். ஆறாவது ஆண்டில் இரண்டும் சமமாகிவிடும் என்றே எனக்குத் தெரிகிறது. மூன்றாவது மறுப்புக்கு உண்மையிலேயே கனம் உண்டு. படகு கவிழ்ந்தால் டஃபன்ட் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வரலாம்; லேமினேட்டட் கண்ணாடியை உடைத்து வர முடியாதே என்று கேட்கிறார்கள். அது சரியான கேள்வி. அதனால்தான் பக்க ஜன்னல் இரண்டையும், ஓர் ஆள் தோளை நுழைத்து வெளியேறும் அளவுக்கு நகர்த்தித் திறக்கும்படி வைத்திருக்கிறேன். நகரும் தடத்தில் உப்பு இறுகிவிடாமல் வாரம் ஒருமுறை கழுவி, திறந்து மூடிப் பார்க்கிறோம். 1972-ம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கலமும் எப்போதும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே செல்ல வேண்டும் என்கிறது. திறந்த பக்க ஜன்னல் அந்தக் காதுக்கும் உதவுகிறது. இவற்றோடு, முகப்பு ஜன்னல் அளவுக்கு வெட்டிய 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றையும், நான்கு போல்ட்டுகளையும் வீல்ஹவுஸ் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கண்ணாடி போனாலும் ஐந்து நிமிடத்தில் அடைத்துவிடலாம்.

சிறு கலங்களின் ஜன்னல்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 12216 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்த அளவுக்கு எவ்வளவு தடிமன் என்பதை அது வகுத்துச் சொல்கிறது. 2017-ல் பாக் நீரிணைப் பகுதி இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரைமீன் படகுகள் கட்டும் திட்டம் தொடங்கியபோது, ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் 70 சதவீதத்தை மத்திய, மாநில அரசுகள் மானியமாக ஏற்றன. அரசு மானியத்தில் படகு கட்டும்போது என்ஜின், வலை, ஐஸ் பெட்டி ஆகியவற்றுக்கு அளவும் தரமும் எழுதுவது போல, வீல்ஹவுஸ் கண்ணாடிக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தடைக்காலத்தில் படகுகளை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகள், டிரைவர் நிற்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, முகப்புக் கண்ணாடி வழியாகச் சூரியன் இருக்கும் திசையில் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. படகு உரிமையாளர் சங்கங்கள் பத்துப் படகுகளுக்குச் சேர்த்து ஒன்றாக ஆலைக்கு ஆர்டர் கொடுத்தால் விலையும் குறையும், தூத்துக்குடிக்குத் தனித்தனியே ஏற்றி இறக்கும்போது மூலை உடையும் நஷ்டமும் குறையும்.

நான் கழற்றிய பாலிகார்பனேட் தகடுகளில் ஒன்றைத் தூக்கி எறியாமல் எங்கள் வலைக் கொட்டகையின் வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன். வைப்பர் ஓடிய விசிறித் தடமும், தின்னர் பட்ட வெடிப்பும் அதில் அப்படியே இருக்கின்றன. இந்தத் தடைக்காலத்தில் முகப்புக் கண்ணாடி மாற்றப் போகிற படகுக்காரர்கள் கடைக்குப் போகும் முன், காலை ஏழு மணி வாக்கில் கொட்டகைப் பக்கம் வந்தால், அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். ஜன்னலுக்கு வெட்டிய பிளைவுட் அச்சுகளும் என்னிடம் இருக்கின்றன; அளவெடுப்பது எப்படி என்று காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர் ஒருவர்,
தூத்துக்குடி.